பூனை மூத்திர வீச்சம்: தோற்றமும் வளர்ச்சியும், சிறிதளவு தேய்வும்

சங்க இலக்கியத்தில் பறவைகள், பக்தி இலக்கியத்தில் பூக்கள், ஆட்டோ முதுகில் தத்துவம் என்று தமிழில் ஆய்வேடு ஆகாத பொருள் அநேகமாக மிச்சமில்லை. ஆனால் சோபாவுக்குப் பின்னால், சுவரும் தரையும் கூடுகிற மூலையில், பூனை இருந்துவிட்டுப் போன ஈரத்துக்குக் கருஞ்சிவப்பு அட்டையும் பொன்னெழுத்தும் போட்டு ஆய்வேடு கட்டுவார் இல்லை. ஆய்வாளர்கள் இதை வெற்றிடம் என்பார்கள். வீட்டிலிருப்பவர்கள் வேறு பெயர் சொல்வார்கள். எப்படியானாலும் அதை நிரப்பும் எளிய முயற்சி இது.

முதலில் ஆய்வு எல்லை. பொருள் பூனை, நாய் ஒப்பீட்டுக்கு மட்டும் வந்து போகும். கைக்குழந்தைகள் விலக்கப்படுகிறார்கள். அவர்களும் தரையை நனைப்பவர்கள்தாம். ஆனால் "இதைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வாங்க" என்று அவர்கள் விஷயத்தில் யாரும் யோசனை சொல்வதில்லை. கருதுகோள் ஒன்றே ஒன்று: வீச்சம் காற்றில் இருப்பதாக நம்பி நாம் காற்றோடு மல்லுக்கட்டுகிறோம், அது தரைக்குள் குடியிருக்கிறது.

இத்துறையின் முன்னோடிகள் மேனாட்டார். 1669-இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட், மூத்திரத்திலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று நம்பி, அதைச் சேர்த்து வைத்து, புளிக்கவிட்டு, காய்ச்சினார். தங்கம் வரவில்லை, பாஸ்பரஸ் வந்தது. அந்தத் தெருவாசிகளின் பொறுமைக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம். 1828-இல் ஃபிரெடரிக் வோலர் ஆய்வகத்திலேயே யூரியாவைச் செய்துவிட்டு, தன் ஆசான் பெர்சீலியசுக்குக் கடிதம் எழுதினார்: மனிதனுடையதோ நாயுடையதோ, சிறுநீரகமே வேண்டாம், யூரியா என் கையிலேயே வரும் என்பது அதன் சாரம். உயிரில்லாப் பொருளிலிருந்தே உயிர்களின் உடலில் உண்டாகும் பொருள் வரும் என்று காட்டிய பெருமை அவருக்கு உண்டு என்று வேதியியலார் கொண்டாடுவர். யூரியா செய்வதில் கஷ்டமே கிடையாது, செய்ததைத் தரையிலிருந்து எடுப்பதுதான் கஷ்டம் என்பது பூனை வளர்ப்போர் துணிபு.

இனி, வீச்சம் தோன்றுமாறு. பூனையின் மூதாதை ஆப்பிரிக்க, மேற்காசிய வறண்ட நிலத்துக் காட்டுப்பூனை. அதன் சிறுநீரகம் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆகவே வெளியே வருவது கொஞ்சம், வருவது கெட்டி. வந்த புதிதில் நெடி அதிகம் இல்லை. தரையிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியேஸ் என்ற நொதியைக் கொண்டு யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கிய பிறகுதான் மூக்கு சுருங்குகிறது. இதே யூரியேசை 1926-இல் முதன்முதலாகப் படிகமாக்கிக் காட்டியவர் அமெரிக்கர் ஜேம்ஸ் சம்னர். 17 வயதில் வேட்டைக்குப் போன இடத்தில் குண்டடிபட்டு இடது கையை இழந்தவர். மிச்சமிருந்த கையோடு, நம்மூர் வாளவரைக்குப் பங்காளியான ஒரு அவரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். நொதி என்பது புரதமே என்று அதனால் நிலைநாட்டப்பட்டது. 1946-இல் நோபல் பரிசும் வந்தது. அதே நொதிக்கு நம் வீட்டில் கிடைக்கும் மரியாதை வேறு.

அம்மோனியா மட்டும் என்றால் நாய்க்கும் பூனைக்கும் வேற்றுமை இராது. பூனைக்கென்று ஃபெலினின் என்ற அமினோ அமிலம் ஒன்று உண்டு. அதில் கந்தகம் இருக்கிறது. வெளியே வந்து நேரம் ஆக ஆக அது சிதைந்து, கந்தகம் கலந்த ஆவியாக எழும்புகிறது. காயடிக்காத கடுவனிடம் இது மிகுதி. சமையல் காஸ் கசிந்தால் தெரியட்டும் என்று அதில் கலக்கும் எத்தில் மெர்காப்டனும் இதே கந்தகக் குடும்பத்துப் பிள்ளைதான். எனவே வீட்டுத் தலைவி ரெகுலேட்டரை மூடி, டியூபில் சோப்பு நுரை தடவிப் பார்த்து, சிலிண்டர்க்காரருக்குப் போன் போடுவதை அறியாமை என்று யாரும் சிரிக்க வேண்டாம். உறவுமுறையை மூக்கு சரியாகவே பிடித்திருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு. கடையில் விற்கும் வீச்சம் நீக்கிப் பாட்டில்களின் முதுகில், குற்றவாளி யூரிக் அமிலப் படிகம் என்று அச்சடித்திருப்பார்கள். அது பொருந்துமோ எனின், பெரும்பாலும் பொருந்தாது என்க. நாய்க்கும் பூனைக்கும் கல்லீரலில் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை அல்லன்டாயின் என்ற, நீரில் எளிதாகக் கரையும் பொருளாக மாற்றிவிடும். பாலூட்டிகளில் இந்த வசதி இல்லாதவர்கள் மனிதனும் வாலில்லாக் குரங்கும். நாய்களில் டால்மேஷியன் போன்ற சில இனங்கள் விதிவிலக்கு: நொதி இருந்தும் அவற்றின் மூத்திரத்தில் யூரிக் அமிலம் மிகுதி. ஆகவே யூரிக் அமில வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் முதல் எதிரி வீட்டுத் தலைவர்தான். பாட்டிலின் முதுகு பொய் சொன்னாலும் உள்ளே இருக்கும் மருந்து வேலை செய்யும் என்பது தனிச் செய்தி. அதற்குப் பின்னர் வருவோம்.

ஆய்வுக் கருவிகள் இரண்டு. முதலாவது விருந்தாளி. வீட்டுக்காரர் மூக்கு அளவைக் கருவி ஆகாது. ஒரே வாடையில் தொடர்ந்து இருந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து கழித்துவிடும். திருநெல்வேலியிலிருந்து வரும் சித்தப்பாவின் மூக்கோ செருப்பைக் கழற்றும்போதே வேலை பார்க்கத் தொடங்கும்.

"ஏலே, வீட்ல பூனை கீனை வளக்கியளா?"

"அதெல்லாம் இல்ல சித்தப்பா. சாம்பிராணி போட்டோம், அதான்."

இந்தச் சமயம் பார்த்து ஆய்வுப்பொருள் நடந்து வந்து சித்தப்பாவின் வேட்டியில் உரசும். விருந்தோம்பல் அதிகாரத்தில் வள்ளுவர் அனிச்சப் பூவைக் கொண்டுவந்து, மோந்தால் வாடும் அந்தப் பூவையும் முகம் மாறிப் பார்த்தால் வாடும் விருந்தினரையும் அடுத்தடுத்து நிறுத்தினார். மோந்து பார்த்த விருந்தினரே வாடும் மூன்றாம் நிலை ஒன்று உண்டு. உரையாசிரியர்கள் அதைத் தொடாமலே போய்விட்டார்கள்.

இரண்டாவது கருவி, மளிகைக் கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் காட்டிப் பார்க்கும் புற ஊதா விளக்கு. அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் 1903-இல் இதன் முன்னோடியைச் செய்தார். இப்போது கைக்கு அடக்கமான டார்ச்சாகவே வருகிறது. இரவில் எல்லா விளக்கையும் அணைத்து, திரையை இழுத்துவிட்டு, குனிந்து தரையோடு தரையாகப் பிடிக்க வேண்டும். பழைய மூத்திரம் மங்கிய மஞ்சள் பச்சையில் ஒளிரும். சலவைத் தூள் சிந்திய இடமும் நீல வெள்ளையாகப் பளீரென்று மின்னும். அதில் வெளுப்புக்கென்று போட்டிருக்கும் பொருளின் வேலை அது. வாஷிங் மெஷின் பக்கம் தெரியும் வாணவேடிக்கையைப் பார்த்துப் பூனையை அடிக்கக் கூடாது. உண்மையான தடயம் வேறு மாதிரி. சோபா மூலையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டை. அதிலிருந்து ஒரு மெல்லிய கோடு கிளம்பி, டைல்ஸ் இடுக்கு வழியே நேராகப் போய், அடுத்த இடுக்கில் செங்குத்தாகத் திரும்பி, இன்னொரு திருப்பம் எடுத்து, டிவி ஸ்டாண்டுக்கு அடியில் மறையும். குட்டையைத் துடைத்தவர்கள் எல்லாரும் கோட்டை விட்டிருப்பார்கள்.

இந்தக் கோடுதான் நம்மை நிலவியலுக்கு இட்டுச் செல்கிறது. தமிழர் எந்த நிலத்தையும் ஐந்தாகப் பகுக்காமல் விட்டதில்லை. தரையை மட்டும் விடுவானேன்? செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் முதலாவது. கண்ணாடிமேல் சாயமும் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது, சூளை காணாதது. அழகு, ஆனால் உறிஞ்சும். பழைய வீடுகளின் சிவப்பு சிமெண்ட் தரை வழவழப்பு இருக்கும்வரை தாங்கும். விரிசல் விட்டால் தாங்காது. கடப்பைக் கல் சுண்ணாம்பு இனம். மொசைக்கில் பளிங்குச் சில்லும் வெள்ளைச் சிமெண்டும். இந்த நான்கையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப்போட ஒரு விதி உண்டு: எலுமிச்சை, வினிகர், ஆசிட் என்று புளித்தது எதையும் இவற்றில் ஊற்றாதீர்கள். சுண்ணாம்பைப் புளிப்பு தின்னும். பளபளப்பு போய் நுண்துளை திறந்தால், பூனை அடுத்த முறை விடுவது இன்னும் ஆழமாக இறங்கும்.

ஐந்தாவது விட்ரிஃபைடு டைல்ஸ். இது 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது என்பது தர விதி. அற்றேல், டைல்ஸ் போட்ட வீட்டில் வீச்சம் எங்கிருந்து வருகிறது? பாலைக்குத் தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் திரிந்து பாலையாகும் என்பது பழைய கொள்கை. டைல்ஸ் இடுக்கும் அப்படியே. தனக்கென்று நிலம் இல்லாமல் இரண்டு கல்லுக்கு நடுவே பிறக்கிறது. கொத்தனார் சாயங்கால அவசரத்தில் இழுகிய சிமெண்டுப் பூச்சு அது, குடிப்பதற்கென்றே பிறந்தது. பாலையின் உரிப்பொருள் பிரிவு. இங்கே பிரிபவர் சித்தப்பா. பெரும்பொழுது ஐப்பசி கார்த்திகை: அடைமழைக் காற்றில் ஈரம் ஏறியதும், காய்ந்து கிடந்த உப்புகள் நீர் கோத்து மறுபடி மூச்சு விடும். கோடையில் தீர்ந்துவிட்டது என்று நினைத்த வாடை தீபாவளிக்கு வீட்டுக்கு வருவது இதனால்தான்.

இனித் தேய்வு. தமிழகத்தில் ஓங்கி நிற்பது மணமேற்றுப் பள்ளி. வாடைமேல் இன்னொரு வாடையை ஏற்றினால் முதலாவது ஓடிவிடும் என்பது இப்பள்ளியின் சித்தாந்தம். ஊதுபத்தி, சாம்பிராணி, பாச்சை உருண்டை, பினாயில் ஆகிய நான்கும் இதன் படைக்கலங்கள். விளைவு, மல்லிகை மணக்கும் மூத்திரம். அதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். பினாயிலில் வரும் பீனால் வகைகளையும் பைன் எண்ணெயையும் கழித்துக்கட்டும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. துடைத்த தரையில் நடந்த காலை அது நக்கும். பாச்சை உருண்டையும் அதற்கு விஷம். பிளீச்சிங் பவுடர் அதைவிட மோசம்; அம்மோனியா ஊறிய தரையில் கரைத்து ஊற்றினால் குளோரமின் வாயு கிளம்பி, கண் எரிந்து, நெஞ்சை அடைக்கும்.

மூத்திரம் என்றாலே விலக்கு என்று கொள்ளலாமோ எனின், கூடாது. புதுமனை புகும் அன்று பசுவும் கன்றும் உள்ளே வந்து, கூடத்து நடுவே பசு கோமியம் விட்டால் வீட்டுக்காரர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். பசு ஏற முடியாத மாடி என்றால் பாட்டிலில் வாங்கி மாவிலையால் தெளிப்பார்கள். பசுவுடையதிலும் பூனையுடையதிலும் இருப்பது அதே யூரியாதான். உரோமில் வண்ணார்கள் மூத்திரத்தால் துணி வெளுத்தார்கள். வெஸ்பாசியன் மன்னன் அதற்கு வரி போட்டான். ஆக, மூத்திரத்தின் தரம் அதன் வேதியியலில் இல்லை, விட்டவரின் அந்தஸ்தில் இருக்கிறது. பூனைக்கு அந்த அந்தஸ்து இன்னும் கிட்டவில்லை.

நாம் சார்ந்திருப்பது நீக்கற் பள்ளி. அதன் முறை சலிப்பூட்டுவது; அதனாலேயே அதிகம் பேர் சேர்வதில்லை. ஈரம் புதிது என்றால் பழைய துணியை மேலே போட்டுக் காலால் மிதித்து உறிஞ்ச வேண்டும். மாப்பால் இழுத்தால் இடுக்கெல்லாம் விருந்து. பிறகு பச்சைத் தண்ணீர். பிறகு வளர்ப்பு விலங்குக் கடையில் கிடைக்கும் நொதித் திரவம். இதைத் தெளித்துத் துடைப்பது பணத்தைத் துடைப்பது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். ஆகவே தாராளமாக ஊற்றி, ஈரத் துணியால் மூடி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, இரவு முழுக்கக் காயவிடாமல் வைக்க வேண்டும். அன்று அந்த இடத்தில் பினாயில் பட்டிருந்தால் நொதி தரும் நுண்ணுயிர் செத்துப்போகும். மாமியார் காலையில் எழுந்து வழக்கம்போல் மாப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது ஆய்வாளரின் பொறுப்பு.

வெல்லம் 1, எலுமிச்சைத் தோல் 3, தண்ணீர் 10 என்று மூன்று மாதம் புளிக்கவைக்கும் வீட்டு பயோ என்சைமைப் பலர் கேட்பார்கள். பெயரில் என்சைம் இருந்தாலும் புளித்தபின் அதில் மேலோங்கி நிற்பது அமிலம். விட்ரிஃபைடில் அம்மோனியாவை அடக்கும். மொசைக்கில் மேலே சொன்ன விதி நினைவிருக்கட்டும்.

கந்தக வாடை மிஞ்சினால் ஹைட்ரஜன் பெராக்சைடு. மருந்துக் கடையில் 6 சதவீதம் என்று எழுதிய பாட்டிலுக்குச் சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 ஆகும். கந்தகச் சேர்மத்தை ஆக்சிஜனேற்றி வாடையற்றதாக்கும். நிறம் வெளுக்கலாம், ஆகவே பீரோவுக்குப் பின்னால் முதலில் சோதனை. அதற்கும் அசையாத இடுக்கை வாதத்தால் வெல்ல முடியாது. கொத்தனாரைக் கூப்பிட்டு, பழைய பூச்சைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி அடைக்கச் சொல்லுங்கள். புதுவீட்டில் முதலிலேயே அதைப் போடச் சொன்னால் இந்த ஆய்வின் பெரும்பகுதி தேவைப்படாது.

கடைசியாக, ஏன் அங்கே போகிறது என்பது. சுவரில் பின்பக்கமாகப் பீய்ச்சினால் எல்லைக் குறி. கடுவனுக்கு அறுவை செய்தால் பெரும்பாலும் நின்றுவிடும். தரையில் உட்கார்ந்து போனால் மணல் தட்டு அழுக்கு, அல்லது உடம்பு சரியில்லை. பழிவாங்குகிறது என்பது குடும்பத் தொலைக்காட்சித் தொடர்களின் செல்வாக்கு. ஆண் பூனை தட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய், முக்கி, சொட்டுகூட வராமல் கத்தினால் அது மூத்திரக் குழாய் அடைப்பு. இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அப்போது தரையையும் இந்தக் கட்டுரையையும் விட்டுவிட்டு அந்த நிமிஷமே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஆட்டோக்காரரிடம் வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும்.