குந்து சார்!

அடையாறு காந்தி நகரிலோ தி. நகர்ச் சந்து ஒன்றிலோ சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கு ஒரே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால், ஒன்று அங்கே யாரோ ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கடல் தூண்டில்காரர் ஒருவர் குடியிருக்க வேண்டும். வாசலில் கார் டிக்கி திறந்து கிடக்கும். ஜப்பான் ரீல் இரண்டு, துணி உறை போட்ட ராடுகள், ராப்பாலா செயற்கை இரை மீன்கள் ஒரு பெட்டி நிறைய, மூக்கில் வெள்ளையாக அப்பிய சன்ஸ்கிரீன், சட்டைப் பையில் அவோமின். வார நாட்களில் இவர் நாற்பது பேருக்கு அப்ரைசல் எழுதுகிறவர். இவர் தும்மினால் நாலு பேர் டிஷ்யூ நீட்டுவார்கள். இவரைப் பற்றி என் கட்சி ஒன்றுதான். இவர் கடலுக்குப் போவது மீனுக்காக அல்ல. ஊரில் தன்னை அதட்ட ஆளில்லாமல் போன ஒருவர், காசு கொடுத்து அதட்டு வாங்கப் போகிறார்.

மீனுக்காகத்தான் போகிறார் என்று வாதாடுபவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மயிலாப்பூரிலிருந்து பத்து நிமிடத்தில் நொச்சிக்குப்பம் லூப் ரோடு. அங்கே வஞ்சிரத்தைக் கேட்ட கனத்தில் துண்டு போட்டுத் தருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலத்தில் கிலோ ஆயிரத்தைத் தாண்டும், தாண்டட்டும். படகு வாடகை, பெட்ரோல், பாறையில் மாட்டி அறுந்துபோன இரை மீன்கள், மாதத் தவணையில் வாங்கிய ரீல் எல்லாவற்றையும் கூட்டி, பிடிபட்ட மீனின் எடையால் வகுத்தால் வரும் விலைக்கு வஞ்சிரம் அல்ல, வெள்ளி வாங்கலாம். போதாததற்கு, மாட வீதிகளின் சைவ வீடுகளில் பிறந்த தூண்டில்காரர்களும் உண்டு. அவர்கள் பிடித்த மீன் அபார்ட்மென்ட் வாட்ச்மேனைத் தாண்டி ஒரு படிகூட ஏறியதில்லை.

ஆக, காசு எதற்குப் போகிறது என்பதைப் படகில்தான் பார்க்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட ஃபைபர் போட் அது. பின்னால் இன்ஜின், நடுவில் ஐஸ் பெட்டி, நிழல் என்று சொல்ல ஒரு கைக்குட்டைகூட இல்லை. மணலில் நிற்கும்வரை சார் படகுக்காரரை “ஏம்ப்பா” என்பார். முதல் அலை மூக்கை நனைத்ததும் அது “அண்ணா” ஆகிவிடும். அண்ணா பதிலுக்கு மரியாதையைக் கூட்டுவதில்லை. “குந்து சார்.” “அந்தப் பக்கம் சாயாத சார்.” “வாந்தி வந்தா காத்துக்கு எதுக்க எடுக்காத சார்.” கடலில் நீரோட்டம் எந்தப் பக்கம், தெண்டியா வண்ணியா, அடியில் பாறைப் பார் எந்தத் திக்கில் கிடக்கிறது, கரையில் எந்தக் கோபுரம் எந்தக் கட்டடத்துக்கு நேரே வந்தால் இன்ஜினைக் குறைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மனிதரின் தலைக்குள் இருக்கிறது. சாரின் கையிலிருக்கும் ஜிபிஎஸ், வந்து சேர்ந்த பிறகு வந்து சேர்ந்ததை உறுதி செய்யும். வஞ்சிரம் கவ்வி ரீல் அலறும்போதுதான் உச்சம். நைலானைக் கத்திரிபோல் அறுக்கும் பல் அதற்கு; அதனால் முனையில் ஸ்டீல் கம்பி கட்ட வேண்டும் என்று சார் யூடியூபில் பார்த்திருப்பார். ஆனால் அந்தப் பதற்றத்தில் என்ன செய்வதென்று எந்த வீடியோவும் சொல்லித் தரவில்லை. “டிராக்க இறுக்காத, அறுத்துக்கினு பூடும்! வுடு, ஓட வுடு! இப்போ சுத்து, சுத்துன்றேன்ல!” அலுவலகத்தில் இந்தக் குரலில் யாராவது பேசினால் எச்.ஆருக்குப் புகார் போகும். இங்கே சார் சுற்றுகிறார். முகத்தில் எட்டாம் வகுப்புப் பையனின் களை வந்திருக்கிறது.

“இது ஸ்போர்ட் ஐயா, உனக்குப் புரியாது” என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. பெரிய உத்தியோகக்காரர்களுக்குத் தூண்டில் பித்து பிடிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இலேயே இந்தியாவில் தூண்டில் போடுவது எப்படி என்று தடிமனாகப் புத்தகம் எழுதிவிட்டார். ஆனால் ஸ்போர்ட் என்றால் அதற்கு விதி உண்டு. 1939இல் தொடங்கிய சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம், மீன் கவ்விய பிறகு ராடையோ ரீலையோ இன்னொருவர் தொட்டால் அந்த மீனைச் சாதனைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் கடலிலும் அண்ணா ராடைத் தொடுவதில்லைதான். இடம் அவர் பார்த்தது, இரை அவர் தேர்ந்தது, முடிச்சு அவர் மாற்றிப் போட்டது, எப்போது இழுப்பது என்பதும் அவர் வாயிலிருந்து வந்தது. விதிப்படி மீன் சாருடையது. கைப்பிடி சுற்றிய தோள்வலியும் சாருடையது.

இன்னொரு ஆட்சேபம் சற்று கௌரவமானது. இவர்கள் பிடித்த மீனைப் போட்டோ எடுத்துவிட்டுக் கடலிலேயே விடுகிறார்களே, இது இயற்கை மீது கொண்ட அன்பல்லவா? அன்புதான், மறுக்கவில்லை. புதிது என்று சொன்னால்தான் மறுப்பேன். நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் வலையில் படும் முதல் மீனைச் சிவனுக்கென்று தினமும் கடலில் விட்டவர். ஒரே மீன் பட்ட நாளில் அதையே விட்டவர், கடைசியில் பொன் மீன் வந்தபோதும் கை நடுங்காதவர். பங்குனியில் அறுபத்துமூவர் உற்சவத்தன்று கபாலி கோயிலைச் சுற்றி அவரும் பல்லக்கில் வருகிறார், பக்கத்தில் போட்டோகிராபர் இல்லாமல் விட்டதற்காக. நம் சார் விடுவதோ முழுக்கத் தன் விருப்பத்தில் அல்ல. படகில் அதற்கும் எழுதாத ஒப்பந்தம் உண்டு. பாறை மீன் மாட்டினால் சார் அதைக் குழந்தைபோல் ஏந்தி, முத்தம் கொடுத்து, தாராளமாக விடலாம். வஞ்சிரம் மாட்டினால் மட்டும் ஐஸ் பெட்டியின் மூடி தானாகத் திறந்திருக்கும். “வுடணும்னா பாறைய வுட்டுக்க சார். இத இப்டி குடு.” சார் கொடுத்துவிடுகிறார்.