அரைப் பேர்

ஹட்டன் மலையில் தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம். 2024 மே மாத வர்த்தமானி தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1700 ரூபாய் என்றது. செப்டம்பரில் 350 கழிந்து 1350 ஆனது. வர்த்தமானிக்கே நிறை குறைந்துவிட்டது போலும்.

இதற்கிடையில் விநியோகச் சங்கிலியில் மனித உரிமையைத் தேட ஜெர்மனி 2023இல் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024இல் ஒன்றை இயற்றியது. சங்கிலி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. கங்காணி காலத்திலேயே பழக்கம்.

இனி அந்தச் சட்டங்களின் பேரில் தோட்டத்துக்குப் பரிசோதகர் வருவார். வருமுன்னே லயத்துக்குச் சுண்ணாம்பு வரும் (கூரைக்குத் தகரம் வருமா என்று கேட்காதீர்கள், அது படிவத்தில் இல்லை). “குறை ஏதும் உண்டா அம்மா?” என்பார். பக்கத்தில் தோட்டத்துத் தொரை நிற்பார். “ஒன்னுமில்லைங்க ஐயா.”

ஒன்றியமோ 2025இல் தன் சட்டத்துக்கே தவணை கேட்டது. அதற்கு யாரும் அரைப் பேர் போடவில்லை.