ஆளில்லா நிறுவலில் திரை அலங்காரம்: காவிரிப் படுகையை முன்வைத்து ஓர் ஆய்வு

இவ்வாய்வின் எல்லை வடக்கே கொள்ளிடம், மேற்கே கல்லணை, கிழக்கே கடல். தெற்கெல்லையை ஆய்வாளரின் பஸ் காசு தீர்மானித்தது. ஆய்வுப்பொருள் யாதெனின், விண்டோஸைப் புதிதாகப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று ஒருவரும் அமுக்காமலே வால்பேப்பர், ஐகான், டாஸ்க்பார், கடிகாரம், விசைப்பலகை ஆகியவை தாமாக அமைந்துவிடும் முறை. நெறியாளர் எவரும் முன்வராமையால் கட்டுரை சற்றே சுதந்திரமாக இருக்கும்.

கள ஆய்வு தஞ்சாவூர் கீழவாசல் பக்கத்துச் சர்வீஸ் கடையொன்றில் நடந்தது. அரிசி ஆலைக்காரர் ஒருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்து, “ஃபார்மட் அடிச்சுக் குடு தம்பி” என்றார். தம்பி சாவிக்கொத்திலிருந்து பென்டிரைவைக் கழற்றிச் செருகினார். அதற்குள் ‘ஆட்டோஅன்அட்டெண்ட்’ என்ற பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. நிறுவலின்போது கேட்கப்படும் கேள்விகளுக்கெல்லாம் விடையெழுதி வைத்த தாள் அது. பரீட்சைக்கு முன்பே விடைத்தாள் தயாராக இருப்பது சட்டபூர்வமான ஒரே இடம் இதுதான். எக்ஸ்பி காலத்தில் ‘வின்என்டி.எஸ்ஐஎஃப்’ என்ற சாதாரண உரைக்கோப்பு இவ்வேலையைச் செய்தது. விஸ்டாவிலிருந்து எக்ஸ்எம்எல், அதில் நிறுவலின் நிலைகள் ஏழு. ஆள் தேவையில்லாத இந்த நிறுவல் நடந்துகொண்டிருக்கையில் அதைச் சுற்றி நின்றவர்கள்: உரிமையாளர், அவர் மைத்துனர், டீ கொண்டுவந்த பையன், கரண்ட் போய்விடுமோ என்று மீட்டர் பெட்டியையே முறைத்துக்கொண்டிருந்த இன்னொருவர்.

இனிக் கோட்பாடு. வால்பேப்பர், ஐகான் போன்றவை கம்ப்யூட்டருக்கு உரியவை அல்ல. அதைப் பயன்படுத்தும் ஆளுக்கு உரியவை. ஒவ்வொருவரின் விருப்பமும் அவரவர் கணக்கின் ரெஜிஸ்ட்ரியில் பதிவாகும். அஃதேல், நிறுவும்போது ஆளே பிறந்திராத நிலையில் யாருடைய விருப்பத்தை எங்கே எழுதுவது எனின், விண்டோஸ் ‘டீஃபால்ட்’ என்றொரு கணக்கை வைத்திருக்கிறது. அதில் யாரும் நுழைவதில்லை, யாரும் குடியிருப்பதில்லை. ஆனால் புதிதாக எவர் கணக்குத் தொடங்கினாலும் அதன் நகலே அவருக்குக் கிடைக்கும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, இது நாற்றங்கால். அங்கே விட்ட விதைதான் எல்லா வயலிலும் நடவாகும். நட்ட பிறகு வயல் வயலாக இறங்கி ரகத்தை மாற்ற முடியாது.

நாற்றங்காலில் விதைக்கவும் வழிகள் உண்டு. டீஃபால்ட் கணக்கின் ரெஜிஸ்ட்ரிக் கோப்பைத் திறந்து நேரே எழுதலாம். அல்லது நிர்வாகியின் கணக்கை அலங்கரித்துவிட்டு, ‘காப்பிப்ரொஃபைல்’ என்ற கட்டளையால் அதை அப்படியே நகலெடுக்கலாம். இவற்றை அறியாதார் நிறுவலின் இறுதியில் ஓடும் ஸ்கிரிப்டில் ‘இப்போதைய பயனர்’ என்று எழுதிவிடுவர். அந்நேரத்தில் இப்போதைய பயனர் என்பது ‘சிஸ்டம்’ என்ற கணக்கு. வால்பேப்பர் பிசகின்றி அமையும், சிஸ்டத்துக்கு. மனிதர் உள்ளே வந்து பார்க்கும்போது பழைய நீலமே இருக்கும். இதை மந்திரக்கோளாறு என்று கருதி எலுமிச்சம்பழம் வைப்போரும் உளர்.

அலங்காரத்தின் இன்றியமையாமைக்குக் களச்சான்று கீழே.

“தம்பி, மை கம்ப்யூட்டரக் காணுமே?”

“உள்ள இருக்கு அண்ணே.”

“உள்ள இருந்தா எனக்கு எப்புடித் தெரியும்? நேத்து வரைக்கும் மேலதான இருந்துச்சு?”

எக்ஸ்பியிலிருந்தே புதிய திரையில் விண்டோஸின் பழைய ஐகான்களில் மறுசுழற்சித் தொட்டி ஒன்றுதான் தானாக நிற்கும். கம்ப்யூட்டரை நாம்தான் வெளியே அழைக்க வேண்டும். குப்பைத் தொட்டியை வாசலில் வைத்துவிட்டு வீட்டுக்காரரை உள்ளே ஒளித்த அமெரிக்க மனப்பான்மை தனி ஆய்வுக்குரியது.

எல்லார்க்கும் ஒரே முகப்பை முன்கூட்டியே அமைக்கும் இம்முறைக்கு முன்னோடி உண்டா எனின், உண்டு, அதுவும் இவ்வூரிலேயே. கல்வெட்டின் தலைப்பில் மன்னனின் வெற்றிகளைச் சொல்லும் ஒரே வாசகத்தை எங்கும் பொறிக்கும் மெய்க்கீர்த்தி வழக்கத்தைத் தொடங்கியவன் முதலாம் ராஜராஜன். கீழே உள்ள செய்தி நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்ததாக இருக்கலாம், நிலத்துக்கு வரி நீக்கியதாக இருக்கலாம். மேலே வருவது ஒன்றே. ஆடு கொடுத்தவரிடம் ‘தங்களுக்கு விருப்பமான முகப்பு யாது?’ என்று கேட்ட சான்று கிடைக்கவில்லை. பிற்காலத்தில், 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் இம்மரபை மூடிக்கே கொண்டுபோனது. அப்போதைய முதல்வரின் படம் வெளியே அச்சாகி வந்ததால் எத்தனை முறை ஃபார்மட் அடித்தாலும் அது அழியாது.

எக்ஸ்பி காலத்தில் இப்பகுதி ஆபீஸ்களில் பரவலாகக் காணப்பட்ட வால்பேப்பர் ஒரு பச்சைக் குன்று. சார்லஸ் ஓ’ரியர் 1996இல் கலிஃபோர்னியாவின் சோனோமாவில் எடுத்த புகைப்படம். அது திராட்சைத் தோட்டம். ஃபைலாக்சரா என்ற பூச்சி தாக்கிக் கொடிகளைப் பிடுங்கியதால்தான் புல் மண்டிக் கிடந்தது. ஆக, புகையான் விழுந்த வயலைப் பார்த்துவிட்டு நிவாரணத்துக்கு மனு கொடுக்க வந்த விவசாயிக்கு எதிரே, மேசையின் அந்தப் பக்கம், பூச்சி தின்ற இன்னொரு நிலம் அழகாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க முடியாது. திரை அதிகாரியின் பக்கம் திரும்பியிருக்கும்.

ஆயினும் படம் எதுவானாலும் பயிர் பாழாவதில்லை. பாழாக்குவது தேதி. விடைத்தாளில் ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்ற வரியை அப்படியே விட்டால் மாதம் முன்னே வரும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12, திரையில் 6/12 என்று நிற்கும். தஞ்சாவூரில் அதை எவரும் டிசம்பர் 6 என்றே படிப்பார். அதற்குள் குறுவை அறுத்து, சம்பா பாதி வளர்ந்திருக்கும். நேர மண்டலமும் அமெரிக்க மேற்குக் கரையிலேயே தங்கிவிட்டால் குழப்பம் முற்றும்: காலை 10 மணிக்கு மதகைத் தூக்கும்போது கம்ப்யூட்டரில் முந்தின நாள் இரவு 9.30. தேதி 6/11, அதாவது நவம்பர் 6. அணை திறப்பதற்கு முன்பே வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டது என்பது இதன் பொருள். ஒரு லட்சத்தை 100,000 என்று காட்டி ஆலைக்காரரைத் திகைக்க வைப்பதும் அந்த ‘அமெரிக்க ஆங்கிலம்’ வரிதான்.

ஆகவே சர்வீஸ் கடைத் தம்பிமார்களுக்கு விண்ணப்பம்: விடைத்தாளில் மொழியமைப்பை இந்தியா என்றும், நேரத்தை இந்திய நேரம் என்றும் எழுதுங்கள். விசைப்பலகையில் ஆங்கிலத்தோடு தமிழ் 99ஐயும் சேர்த்துவிடுங்கள். மை கம்ப்யூட்டரை வெளியே எடுத்து வையுங்கள். வால்பேப்பரில் உங்கள் கடை போன் நம்பரைப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் பேரப்பிள்ளை படத்தைப் போடத்தான் ஆலைக்காரர் ஃபார்மட்டே அடிக்கிறார்.