லொத்தர் விழுந்தது யாருக்கு?

அமைச்சருக்கு இருமல் வந்தால் சிங்கப்பூர். றொசல்லையில் கொழுந்து சுமக்கிறவருக்கு வாய்ப்புண் ஆறாவிட்டால் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே ஒரு துண்டு தருவார்கள். துண்டோடு டிக்கோயா. அங்கிருந்து கண்டி, இல்லாவிட்டால் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி. கடவுச்சீட்டு கேட்கமாட்டார்கள் என்பதைத் தவிர அதுவும் வெளிநாடுதான். வார்டில் பேசுவது புரியாது, தெருவில் ஒருத்தரையும் தெரியாது, படுக்க இடம் கிடையாது.

டிக்கோயா ஆஸ்பத்திரியைக் குறை சொன்னால் பாவம். 150 கட்டில். 2017 மே 12இல் இந்தியப் பிரதமர் மோடியே வந்து திறந்தார். அன்றைக்கே நோர்வூட் மைதானத்தில் வெயிலில் நின்று கைதட்டினோம். புற்றுக்குக் கதிர் வைக்க மட்டும் இன்னும் பஸ் ஏற வேண்டும்.

வாய்ப்புற்று தோட்டத்துக்குப் புதிதல்ல. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வரும் புற்று அதுதான். புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் அறிக்கை வெளியிட்டுவிட்டது. மழையிலும் அட்டைக்கடியிலும் பசியை அடக்க வெற்றிலை பாக்கு மெல்லுகிறவர்களுக்கு நாம் என்ன செய்தோம்? பதாகை கட்டினோம். அதில் அமைச்சரின் முகம் பெரிது. புண்ணின் படம் சின்னது.

மருத்துவம் இலவசம் என்பார்கள். உண்மைதான். கதிருக்குக் காசு கேட்பதில்லை. ஆனால் வாய்ப்புற்றுக்குக் கதிர் வைப்பது ஏறக்குறைய ஏழு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் கிடக்கிற புருசனுக்குப் பக்கத்தில் பெண்சாதி இருந்தாக வேண்டும். இருக்கிறாள். அவள் மலைக்குப் போகவில்லை, ஆகவே வேலைக்கு வந்தவர்களைப் பதியும் செக்ரோலில் பேர் இல்லை. 35 நாள். 2024இல் மல்லுக்கட்டி வாங்கிய 1,350 ரூபாப்படி 47,250 ரூபா போயிற்று. லயத்தில் விட்டுவந்த பிள்ளைகள் சாப்பிடுவது அந்தக் காசில். இந்தக் கணக்கு சுகாதார அமைச்சிடம் இல்லை. கம்பனியிடம் இல்லை. சங்கத்திடமும் இல்லை, சந்தா பிடிக்க மட்டும் சங்கத்துக்குச் செக்ரோல் வாசிக்கத் தெரியும்.

நாட்டில் காசில்லை என்று சொல்லிவிடாதீர்கள். மகரகமவுக்கு பெட் ஸ்கேனர் வாங்க 2016இல் 20 கோடி ரூபா அளவில் சேர்த்துக் கொடுத்தது பொதுமக்கள். அரசாங்கம் செய்ய வேண்டியதை உண்டியல் செய்தது. அரசாங்கத்தின் உண்டியல் வேறு இடத்தில் திறந்திருந்தது.

அதற்குப் பெயர் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டுச் சட்டம். வறுமை நிவாரணம் அதன் நோக்கங்களில் ஒன்று. அதற்குப் பணம் வரும் வழிகளில் ஒன்று லொத்தர். ஹட்டன் பஸ் நிலையத்தில் நம்மவர்கள் கடைசிக் காசில் சீட்டு வாங்குகிறார்களே, அதே லொத்தர். 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் ஒரு பட்டியல் வெளியானது. இந்த நிதியத்திலிருந்து மருத்துவச் செலவுக்குப் பணம் வாங்கிய முன்னாள் அமைச்சர்கள், எம்பிமார். லட்சக் கணக்கில் வாங்கியவர்கள் உண்டு. கோடியைத் தாண்டியவர்களும் உண்டு. வறுமை இவ்வளவு மேலிடத்தில் பரவியிருந்தது நமக்குத்தான் தெரியவில்லை. நோய் யாருக்கும் வரும், அதில் கேலி இல்லை. ஆனால் தாங்கள் கட்டிய ஆஸ்பத்திரியில் தாங்கள் படுக்க மாட்டார்கள். அதற்கும் சீட்டு நாம் வாங்க வேண்டும்.

இப்போது திருத்தியிருக்கிறார்கள். 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே நிதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டியதில்லை. நல்லது. ஆனால் அந்த விண்ணப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு நாள் வேலையை விட வேண்டும். அன்றைக்கும் செக்ரோலில் அவள் பேர் இல்லை.