மேல்மாடியில் திறந்த கதவு

வீட்டு உபயோகத்துக்கென விற்கப்படும் கருவிகளும் செயலிகளும் அலுவலகத்துக்குள் நுழைந்து, அங்குள்ள தொழில்நுட்பத்தைத் தம் வழிக்கு வளைத்துக்கொள்ளும் போக்கை வல்லுநர்கள் 'நுகர்வோர்மயமாதல்' என வழங்குவர்; இதனை ஊழியர்களின் புரட்சியென வருணிப்போரும் உளர். ஆயினும் நடைமுறையைக் கூர்ந்து நோக்கினால், கணினிப் பிரிவின் கதவு பெரும்பாலும் மேல்மாடியிலிருந்தே திறந்துவிடப்பட்டிருப்பது புலப்படும்.

2008 ஜூலையில் ஐபோனின் இரண்டாம் மென்பொருள் பதிப்பு, நிறுவன மின்னஞ்சலைக் கையாளும் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சுடன் இணையும் வசதியோடு வெளிவந்தது. அக்காலத்தில், அலுவலகம் தந்த பிளாக்பெரி போனுக்குப் பதிலாகச் சொந்தப் போனில் மின்னஞ்சல் பார்க்கலாமா என்று இளநிலை ஊழியர் கேட்டால், பாதுகாப்பு, தணிக்கை, உரிமம் ஆகிய முப்பெரும் காரணங்கள் விரிவாக எடுத்துரைக்கப்பட்டு அவர் திருப்பி அனுப்பப்படுவார். மேலாண்மை இயக்குநர் புது ஐபோனை நீட்டி, "இதுல ஆபீஸ் மெயில் வரணும்" என்றால், அம்மூன்று காரணங்களும் மாலைக்குள் தாமாகவே தீர்ந்துவிடும்.

தாம் விரும்பிய கருவியை அலுவலகத்துக்குள் கொண்டுவரும் வழக்கம் ஐபோனுக்கும் முந்தியது. 1979இல், ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களெல்லாம் தாமே மாறும் விரிதாளான விசிகால்க் ஆப்பிள் II கணினிக்கு வெளிவந்தபோது, பெருங்கணினிப் பிரிவின் தயவுக்குக் காத்திருந்து சலித்த அமெரிக்க அலுவலர்கள் அச்சிறு கணினியையே வாங்கித் தம் மேசைமேல் வைத்துக்கொண்டனர்.

கணினிப் பிரிவும் வெறுங்கையோடு நிற்கவில்லை. தொலைந்த போனின் தகவல்களைத் தொலைவிலிருந்தே அழிக்கும் 'தொலைநிலை அழிப்பு' அதன் கையில் இருந்தது. இதற்கான ஒப்புதல் படிவத்தை, படிக்காமலேயே 'சம்மதம்' அழுத்தும் உலகப் பொது மரபின்படி, ஊழியரும் ஏற்றிருப்பார். அலுவலகப் பகுதியைத் தனியே பிரிக்கும் வசதி பரவாத காலத்தில் இவ்வழிப்பு போன் முழுவதையும் துடைத்துவிடுமாதலால், அலுவலக மின்னஞ்சல் நான்கைக் காக்கும் பொருட்டு, மகளின் காதுகுத்துப் படங்களும் மாமனாரின் மருந்துச் சீட்டும் சேர்ந்தே பலியாக நேர்ந்தது.

விதியை மீறுவோர் யார் என்ற வினாவுக்கு அமெரிக்காவில் ஆவணபூர்வமாகவே விடை கிடைத்தது. சொந்தப் போனின் வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் தொழில் பேசி, அவ்வுரையாடல்களைப் பதிவேட்டில் பேணத் தவறியதற்காக, 2022 செப்டம்பரில் அமெரிக்க ஒழுங்காற்று அமைப்புகள் இரண்டு, பெரும் நிதி நிறுவனங்கள்மீது மொத்தம் சுமார் 180 கோடி டாலர் அபராதம் விதித்தன. விதியைக் காக்கவேண்டிய மேற்பார்வையாளர்களும் அதே வாட்ஸ்அப்பில் இருந்தார்கள் என்பதே விசாரணையின் சுவையான பகுதி.

இந்தியாவில் இவ்வாறு அலுவலகத்துக்குள் நுழைந்த பெருமை கேம்ஸ்கேனருக்கு உரியது. தாளைப் படம் பிடித்துப் பிடிஎஃப் ஆக்கும் இச்சீனச் செயலியின் இலவசப் பதிப்பு, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'ஸ்கேன்டு வித் கேம்ஸ்கேனர்' என்று தன் பெயரைப் பொறித்துவிடுமாதலால், சுற்றறிக்கைகள் பல இரு முத்திரைகளோடு உலவின. 2020 ஜூனில் மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளுள் இதுவும் ஒன்று. 2022 ஜூனில் தேசிய தகவலியல் மையம் அரசு ஊழியர்களுக்கு வகுத்த இணையப் பாதுகாப்பு நெறிமுறைகளோ, அலுவலக ஆவணங்களைக் கேம்ஸ்கேனர் போன்ற செயலிகளில் ஸ்கேன் செய்யலாகாது என்று மீண்டும் பெயர் சொல்லியே அறிவுறுத்தின. இடைப்பட்ட ஈராண்டில் அலுவலகங்கள் எதைக் கொண்டு ஸ்கேன் செய்துகொண்டிருந்தன என்பதை ஆராயத் தனிக் குழு எதுவும் தேவைப்படாது.