கருவாடு போதும், கம்பஸைப் பாருங்கள்

மன்னார் தாழ்வுபாட்டு மீன்வாடிகளுக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். மீன் எடுக்க வியாபாரி, வினாக்கொத்து நிரப்பப் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். வியாபாரியாவது காசு தருவான்.

“மாத வருமானம் எவ்வளவு அம்மா? கடன்? மலசலகூடம் இருக்கா? ஐயா குடிப்பாரா?” ஐயா பக்கத்திலேதான் கிழிந்த வலையோடு இருப்பார். இந்திய இழுவைமடி அதை அறுத்துக்கொண்டு போன கதையை அவர் தொடங்கினால், “அதுக்கு இதில் கட்டம் இல்லை ஐயா” என்று பதில் வரும். படிவம் போகும், பட்டம் வரும். ஆய்வேடு எங்கள் கரைக்கு வராது.

கடலுக்குப் போகிறவனின் சாரம்வரை எண்ணுகிற அறிவுக்கு, தான் குந்தியிருக்கும் கட்டிடம் கண்ணில் படுவதில்லை. அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைத் தங்கள் பல்கலைக்கழகத்தையே ஆராயவிட்டார்கள். எழுதியதைக் களஞ்சியத்தில் சேர்த்தும் வைத்தார்கள், பிறகு வருகிற பிள்ளை அதிலிருந்து தொடங்கட்டும் என்று.

இங்கே விஷயத்துக்கா பஞ்சம்? பகிடிவதைத் தடைச் சட்டம் 1998இல் வந்தது. இன்னமும் புதுமுகப் பிள்ளை சீனியரைக் கண்டால் நிலத்தைப் பார்க்கிறது. எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனை பேருக்குத் தண்டனை என்று கேட்க 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடக்கம். ஆனால் புள்ளி போடுகிறவர் அதே வளாகத்தில் அல்லவா இருக்கிறார்! கருவாட்டை ஆராய மேற்பார்வையாளர் கிடைப்பார், விடுதியை ஆராயக் கிடைக்கமாட்டார்.

போர்க்காலத்தில் சொந்தத் தமிழ்ப் பக்கத்தையே கேள்வி கேட்டவர்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம. 1989 செப்டெம்பர் 21, சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொன்றார்கள். கருவாட்டை ஆராய்வதே உடம்புக்கு நல்லது என்று பிறகு வந்த அறிஞர்கள் கண்டுகொண்டார்கள் போலும்.

2021 ஜனவரி 8 இரவு, அதே வளாகத்துக்குள் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இடித்துத் தள்ளினார்கள். மாணவர்கள் கொதித்தெழுந்த பிறகு, 11ஆம் திகதி துணைவேந்தரே மீண்டும் அடிக்கல் நாட்டினார். இடிக்கச் சொன்னது யார், எந்தக் கடிதத்தில், எந்தக் கூட்டத்தில்? வரலாறு, சமூகவியல், சட்டம் என்று மூன்று துறைக்கும் பங்கு போடலாம். சாட்சிகள் வாசலிலேயே உண்ணாவிரதம் இருந்தார்கள். தரவு சேகரிக்க மன்னார் பஸ் ஏறவே தேவையில்லை.