பனிக்காலத்துச் சீபாப் நீரியல்: தடையும் விடையும்

இவ்வாய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் விளக்கணைத்த பிறகே நிகழ்வது. நிகழுமிடம் கட்டிலை ஒட்டிய சிறுமேசை. பங்கேற்போர் மூவர்: தூக்கத்தில் மூச்சடைத்துக் குறட்டை விடுபவர், அவர் மூக்கில் காற்று ஊதும் சீபாப் மெஷின், இவ்விருவருக்கும் பக்கத்தில் படுத்துத் தூங்க முயல்பவர். மூன்றாமவரே இத்துறையின் ஆதி ஆய்வாளர். நோயை முதலில் கண்டுபிடித்து, சாட்சி சொல்லி, டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். மருத்துவ இதழ்களில் அவர் பெயர் வராதது இத்துறையின் நீங்காத களங்கம்.

துறை வரலாறு சுருக்கமானது. 1980இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், தூங்கும்போது தொண்டை மூடிக்கொள்ளும் நோயாளிகளுக்கு மூக்குவழி காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். அதுவரை கடுமையான நோய்க்குக் கைகண்ட வழி தொண்டையில் துளையிடுவது. தூசி உறிஞ்சும் வேக்குவம் கிளீனரின் மோட்டாரை எதிர்த்திசையில் ஊதவிட்டு அவர் செய்த சோதனை, 5 நோயாளிகளின் கதையாக 1981இல் லான்செட் இதழில் வந்தது. ஊதும் காற்றில் ஈரம் சேர்க்கும் தண்ணீர்த் தொட்டி பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. இக்கட்டுரை அந்தத் தொட்டியோடு நின்றுகொள்ளும். குறட்டையின் தத்துவம் வேறு நூலுக்குரியது.

ஆய்வுக்களம் கனடாவின் வின்னிபெக். ஜனவரி இரவுகளின் சராசரிக் குளிர் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே. நம் இலக்கணத்தார் ஆண்டை ஆறு பெரும்பொழுதாக வகுத்து, முன்பனிக்கு இரண்டு மாதம், பின்பனிக்கு இரண்டு மாதம் என்று அளந்து கொடுத்தார்கள். வின்னிபெக்கை அவர்கள் பார்த்திருந்தால் முன்பனி, நடுப்பனி, பின்பனி, போய்விட்டதென்று நம்பிய பின் திரும்பி வந்த பனி என நான்காக விரித்திருப்பார்கள். நான்குக்கும் உரிப்பொருள் ஒன்றே: மூக்கு வறள்தல்.

அது ஏன் வறள்கிறது என்னின், கூறுதும். மைனஸ் 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 1 கிராம். அந்தக் காற்று கதவிடுக்கில் புகுந்து, ஃபர்னஸ் சூட்டில் 20 டிகிரிக்கு வந்ததும் 17 கிராம் தாங்கும் தகுதி பெறுகிறது. தகுதிதான் கூடியது, கையிருப்பு அதே 1 கிராம். ஈரப்பதம் 6 விழுக்காடு. சோறு வடிப்பது, குளிப்பது, துணி உலர்த்துவது, குடும்பமாக மூச்சு விடுவது எல்லாம் சேர்ந்து இதை 20 விழுக்காடு வரை தூக்கலாம். ஜெனீவாக்காரரான சொசூர் 1783இல் மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரமானி செய்ததை விளக்கி நூல் எழுதினார். ஈரத்தில் முடி நீளும், வறட்சியில் சுருங்கும். வின்னிபெக்கில் முடியை அத்தனை பாடுபடுத்த வேண்டியதில்லை. போர்வையை இழுத்தால் ‘சட்’டென்று ஷாக் அடிக்கும், அளவை முடிந்தது.

இனிக் கணக்கு. நாம் விட்ட மூச்சையே நாம் திரும்ப இழுக்காமலிருக்க, மாஸ்க்கில் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியே நிமிடத்துக்குச் சுமார் 30 லிட்டர் காற்று வெளியேறிக்கொண்டே இருப்பதாகக் கொள்வோம். 8 மணி நேரத்துக்கு 14,400 லிட்டர், அதாவது 14.4 கன மீட்டர். அறைக்காற்றில் உள்ளது கன மீட்டருக்கு 3.5 கிராம். 27 டிகிரி சூட்டில், 80 விழுக்காடு ஈரத்தோடு மூக்குக்குக் கொடுக்க வேண்டுமானால் 20.5 கிராம் வேண்டும். பற்றாக்குறை 17 கிராம். பெருக்கினால் ஓர் இரவுக்கு 245 மில்லி. தொட்டிகள் பெரும்பாலும் 300 முதல் 400 மில்லி கொள்வன. விடியும்வரை தாங்க வேண்டும். தாங்காமல் நாலு மணிக்கே வற்றிவிடுகிறது என்று பலரும் புலம்புவது ஏன்?

இங்கே குமிழ்க் கட்சியார் எழுந்து, “ஈரத்தின் அளவைக் கூட்டும் குமிழ் இருக்கிறதே, திருகு” என்பர். அவர்களே இத்துறையில் பெரும்பான்மையோர். அவர் கூற்று பொருந்தாது. மூக்கை மட்டும் மூடும் மாஸ்க் போட்டவர் தூக்கத்தில் வாய் பிளந்தால், மூக்கில் புகுந்த காற்று நுரையீரலை எட்டிப்பாராமல் வாய்வழியே வெளியே போய்விடும். மெஷின் அழுத்தம் குறைகிறதே என்று இன்னும் வேகமாக ஊதும். நிமிடத்துக்கு 30 லிட்டர் 60 ஆகிறது, 245 மில்லி 490 ஆகிறது, தொட்டி காலி. சாதாரணமாக வெளிமூச்சின் ஈரத்தில் ஒரு பங்கை மூக்கு திரும்ப வாங்கி வைத்துக்கொள்ளும். ஒருவழிப் போக்குவரத்தில் அந்த வரவும் இல்லை. உள்சவ்வு காய்ந்து வீங்க, மூக்கு அடைக்க, வாய் இன்னும் பிளக்க, குமிழ்க் கட்சியார் இன்னும் ஒரு படி திருகுகிறார்கள். ஓட்டைக் குடத்துக்குப் பெரிய குழாய் போட்டுத் தண்ணீர் பிடிக்கும் இந்த வேலைக்கு மாற்று, தாடையைத் தாங்கும் பட்டையோ வாயையும் சேர்த்து மூடும் மாஸ்க்கோதான். மூக்கு ஏற்கெனவே அடைத்திருந்தால் முதலில் அதற்கு மருத்துவம். உப்புநீர் ஸ்ப்ரே மலிவு, தொல்லையில்லாதது.

அறைக்குத் தனியாக ஒரு பெரிய ஹியூமிடிஃபையர் வாங்கி வைக்கலாமே என்பது அடுத்த தடை. வைக்கலாம். அறை ஈரம் 20இலிருந்து 30 விழுக்காடானால் கன மீட்டருக்கு 1.7 கிராம் கூடும். சீபாப் தொட்டியில் மிச்சமாவது இரவுக்கு 25 மில்லி. தோலுக்கும் தொண்டைக்கும் இதம் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆசைப்பட்டு 45, 50 என்று ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியின் உட்புறம் பனிக்கட்டி படரும். அது உருகி மரச்சட்டத்தில் இறங்கிப் பூஞ்சை பிடிக்கும். மூக்கைக் காக்கப் போய் வீட்டைத் தச்சரிடம் கொடுப்பது சிக்கனமாகாது.

குமிழ்க் கட்சியாரை முற்றாகத் தோற்கடிப்பது குழாய் மழை. ஆங்கிலத்தில் ரெயின்அவுட் என்பார்கள். 27 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு புறப்படும் காற்று 23 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீராகச் சொட்டத் தொடங்கும். அது கடக்க வேண்டிய குழாயின் நீளம் சுமார் 1.8 மீட்டர். கேஸ் பில்லுக்கு அஞ்சி இரவில் தெர்மோஸ்டாட்டை 17க்கு இறக்கிய அறை அது. விளைவைப் பக்கத்தில் படுத்திருப்பவர் முதலில் கேட்கிறார்: களக், களக். “என்னங்க, உங்க மெஷின் ஹுக்கா குடிக்குது” என்பது கள ஆய்வில் பதிவான வாக்குமூலம். மாஸ்க் போட்டவருக்கோ மூக்கில் திடீரென்று ஒரு மிடறு. வெளியே பாலைபோல் வறண்ட ஊரில், கட்டிலில் நீரில் மூழ்கும் வாய்ப்பு.

ஆகவே ஆராயத்தக்க பொருள் குழாயும் அறையும். சூடேற்றும் கம்பி சுற்றிய குழாய் கிடைத்தால் வழக்கு பாதி முடியும். இல்லாதார் கம்பளித் துணியில் உறை தைத்துப் போடலாம். பழைய ஸ்வெட்டரின் கை அளவெடுத்ததுபோல் பொருந்தும். குழாயைப் போர்வைக்குள் ஓட்டலாம். மெஷினைத் தலையணை மட்டத்துக்குக் கீழே வைத்தால் சொட்டும் நீர் மூக்குக்கு வராமல் தொட்டிப் பக்கம் திரும்பும். தெர்மோஸ்டாட்டை 2 டிகிரி உயர்த்துவதே யாவற்றினும் எளிது. ஆனால் அது குடும்ப அரசியல் துறைக்குள் வருவதால் ஆய்வாளர் கைவைக்கவில்லை.

தொட்டியில் எந்தத் தண்ணீர் என்பது கிளைவினா. டிஸ்டில்டு வாட்டர் என்று மெஷின் கையேடுகள் சொல்கின்றன. “காய்ச்சி ஆறின தண்ணி போதாதா?” என்பது நம் வீடுகளின் தொன்மரபுத் தடை. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு சாகாது. ஆவியாகிப் போனது போக மிச்சத்தில் சற்றுச் செறிவாகவே இருக்கும். வின்னிபெக் குழாய்நீர் ஷோல் ஏரியிலிருந்து 1919 முதல் சுமார் 150 கிலோமீட்டர் கால்வாயில் புவியீர்ப்பாலேயே இறங்கி வருவது. அவ்வளவாகக் கடினநீரும் அன்று. ஆனாலும் நாள்பட வெள்ளைப் படலம் படிகிறது. (அந்த ஏரிக்கரையிலேயே வாழும் ஷோல் ஏரி 40 என்னும் முதற்குடி மக்கள் 1997 முதல் 2021 வரை தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டியிருந்தது. போலி ஆய்வில்கூட இதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.) படலத்தை வினிகர் கலந்த நீரில் ஊறவைத்துப் போக்கலாம். நேற்றைய மிச்சத்தின்மேல் இன்றைய நீரை ஊற்றக் கூடாது. தினமும் கொட்டிக் கழுவிக் காயவைக்க வேண்டும். சளி பிடித்த நாளில் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டு விட்டால் என்ன என்று மாமியார்கள் வினவுவர். கூடாது. வேது பிடிக்க அடுப்பங்கரையில் சட்டி இருக்கிறது. அங்கே பத்து நிமிடம், இங்கே எட்டு மணி நேரம் நேரே நுரையீரலுக்கு. பிளாஸ்டிக்கும் பழுதாகும்.

ஒரு புறனடை. மேற்சொன்ன அளவுகள் எல்லாம் நடுப்பனிக்குரியவை. மார்ச் கடைசியில் வெளிக்குளிர் சுழியத்தைத் தொடும் இரவுகளில் ஒரு கன மீட்டர் காற்று கிட்டத்தட்ட 5 கிராம் நீராவியோடு வீட்டுக்குள் வரும். அந்த வாரத்திலேயே குமிழை ஒரு படியோ இரண்டு படியோ இறக்கிவிட வேண்டும். இறக்க மறந்தவரைப் பக்கத்தில் படுத்திருப்பவர் எழுப்பிச் சொல்வார்.